1938-ல் சிறை சென்ற பெண்கள்: வேலூர் சிறைப் பதிவேடு எங்கே இருக்கும்?

வணக்கம். 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சென்னையில் மறியல் செய்து சிறைக்குப் போன பெண்களின் பெயர்களைத் தொகுத்து வருகிறேன். வேலை பாதியில் நிற்கிறது.

73 பெண்கள் சிறை சென்றார்கள், தாய்மாரோடு 32 குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. நவம்பர் 14 அன்று கைதான டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்களைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அணி அணியாகப் போன மற்றவர்களைத்தான் தேடுகிறேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளையும் இருவார அறிக்கைகளையும் பார்த்துவிட்டேன். கைது எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. அப்புறம் நூலகங்களில் 1938, 1939 குடிஅரசு, விடுதலை இதழ்களைப் புரட்டினேன். கொஞ்சம் பெயர்கள் கிடைத்தன. பல இடங்களில் 'இன்னாரின் மனைவி' என்பதோடு சரி. ஒரு பக்கத்தில் பெயர் வரும் வரியிலேயே தாள் மடிந்து உடைந்திருக்கிறது. கைக்குழந்தையின் வயது தெரிகிறது, தாயின் பெயரில் 'ப' மட்டும் மிச்சம். இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

குடும்பங்களைத் தேடிப் போகலாம் என்றால் ஊர்ப் பெயரும் இல்லை. இனி சிறையின் கைதிகள் சேர்க்கைப் பதிவேடுதான் ஒரே வழி என்று நினைக்கிறேன். இந்தப் பெண்கள் பலர் அடைக்கப்பட்டது வேலூர் சிறையில்.

1938 நவம்பர் முதல் 1940 பிப்ரவரி வரையான அந்தப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?