ரத்தத்துல கொலஸ்ட்ரால் குறைஞ்சா மூளையிலயும் குறையுமா?

கேள்வி: வாய்க்கால்மேடு

வணக்கமுங்க. ஊருக்குள்ள ரெண்டு பேச்சு ஓடுது. மூளையே கொழுப்பாலதான் ஆனது, கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா மூளை வத்தி மறதி வந்துரும்ங்கறது ஒன்னு. ஊத்துக்குளி நெய்யும் ஆட்டு மூளையும் சாப்பிட்டா சரியாயிரும்ங்கறது இன்னொன்னு. இதைக் கேட்டுட்டு இதயக் குழாய்ல ஸ்டென்ட் வெச்சவங்ககூட அட்டோர்வாஸ்டாட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தறாங்க. லிப்பிட் ப்ரொஃபைல்ங்கற ரத்தக் கொழுப்பு டெஸ்ட்டுல வர்ற எண்ணுக்கும் மூளைக்குள்ள இருக்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்? நரம்பு நோய்க்கும் கொலஸ்ட்ராலுக்கும் நெசமாவே தொடர்பு உண்டுங்களா?

பதில் 1: நொய்யல்கரை

மூளை கொழுப்பாலானதுங்கறதுல பாதி நெசம்தானுங்க. உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான். ஆனா மொத்த கொலஸ்ட்ரால்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு அங்கதான் கிடக்குது. அதுலயும் பெரும்பகுதி, நரம்பிழையைச் சுத்தியிருக்கற மயலின் உறையில.

ஆனா அது ரத்தத்துல இருந்து போய்ச் சேர்ந்ததில்லை. ரத்தத்துல கொலஸ்ட்ராலைச் சுமக்கற எல்டிஎல் துகள், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போட்டா கசிவு நின்னு கெணறு வத்திரும்னு எதிர்ப்பு கெளம்புச்சுல்லீங்களா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் பொறந்ததுல இருந்தே கான்கிரீட் போட்ட வாய்க்கால்தான். கசிவு கிடையாது. அதனால மூளை தனக்கு வேணுங்கறதை உள்ளயே செஞ்சுக்குது. பெரியவங்களுக்கு, நரம்புச் செல்லான நியூரானுக்குத் துணையா இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்கள்தான் முக்கியமா செய்யுது. ஏபோ ஈ ங்கற புரதத்துல ஏத்தி நியூரானுக்கு அனுப்பி வைக்குது.

மிஞ்சினது வெளிய போகவும் தனி வழி. சிஒய்பி46ஏ1 ங்கற என்சைம் அதை 24-ஹைட்ராக்சிகொலஸ்ட்ராலா மாத்தினா தடுப்பைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போயிரும். ஒரு நாளைக்கு 6, 7 மில்லிகிராம், அவ்வளவுதான். ரத்தத்துல கொலஸ்ட்ரால் நாள்கணக்குல மாறும், மூளையில வருஷக்கணக்காகும். லிப்பிட் ப்ரொஃபைலைப் பார்த்து மூளையைக் கணக்குப் போட முடியாதுங்கறது இதனாலதான்.

ஆட்டு மூளை 100 கிராம்ல 1,300 மில்லிகிராமுக்கு மேல கொலஸ்ட்ரால் இருக்குது. ஒரு முட்டையில 200 தான். வறுத்துத் தின்னா ருசி, மறுக்கலை. ஆனா குடல், கல்லீரல்னு போய் ரத்தத்துலயே சுத்துமே தவிர மண்டைக்குள்ள ஏறாது. நெய்யும் அப்படித்தான், எல்டிஎல்லை ஏத்தும்.

பதில் 2: மருந்துச்சீட்டு

ஸ்டாட்டின், அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரை, பத்தி மட்டும் சொல்றேன். 2012ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மாத்திரைக் குறிப்புல மறதி, குழப்பம்னு ஒரு வரி சேர்த்துச்சு. அங்கிருந்துதான் இந்தப் பேச்சு பெருசாச்சு. பெரும்பாலும் தீவிரமில்லாதது, நிறுத்தினா சரியாகறதுன்னு அதுலயே இருக்குது. அதை யாரும் படிக்கறதில்லை. 2002ல வந்த ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஸ்டடியில 20,536 பேர், ப்ராஸ்பர் ஆய்வுல 70 முதல் 82 வயசுக்குள்ள 5,804 பேர். ரெண்டுலயும் மாத்திரை போட்டவங்களுக்கும் வெத்து மாத்திரை போட்டவங்களுக்கும் அறிவுத்திறன்ல வித்தியாசம் தெரியலை. 2024ல லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் ஆணையம் நடுவயசுல கூடுற எல்டிஎல்லையே டிமென்ஷியாங்கற மறதி நோய்க்கான அபாயக் காரணங்கள்ல ஒன்னா சேர்த்திருச்சு.

நடைமுறையில தப்பு நடக்கற இடம் வேற. தைராய்டு குறைஞ்சா எல்டிஎல்லும் ஏறும், மறதியும் வரும். டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்ட் பார்க்காம ஸ்டாட்டினை ஆரம்பிச்சா பழி மாத்திரை மேல விழுது. போதாததுக்கு, தைராய்டு குறைவோட ஸ்டாட்டின் போட்டா தசைவலி வர வாய்ப்பும் கூட. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு பி12 குறையும், அதுவும் மறதியாத்தான் தெரியும். டிஎஸ்ஹெச், பி12, சோடியம், தூக்க மாத்திரை, சளி-அரிப்பு மாத்திரை இதையெல்லாம் பார்த்த பின்னாடிதான் ஸ்டாட்டினைச் சந்தேகப்படோணும். அப்பவும் ஸ்டென்ட் வெச்சவங்க தானா நிறுத்தக்கூடாது. ரோசுவாஸ்டாட்டினுக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. அட்டோர்வாஸ்டாட்டின் அளவுக்கு அது கொழுப்புல கரையறதில்லை, அதனால மூளைக்குள்ள போறதும் கம்மின்னு கருதறாங்க.

வாய்க்கால்மேடு: ரொம்ப நன்றிங்க. அப்ப உள்ள இருக்கற கொலஸ்ட்ரால் பிசகினா வர்ற நோய்னு எதுவுமே இல்லீங்களா?

பதில் 3: குதிகால்

இருக்குதுங்க. அளவு கூடிக் குறையறதை விட, நகர்த்தற வேலையும் மாத்தற வேலையும் கெடறதுலதான் பிரச்சினை. ஏபோ ஈ மரபணுவுல ஈ4 வகை ஒரு பிரதி இருந்தா அல்சைமர் அபாயம் கூடுது, ரெண்டு இருந்தா இன்னும் பல மடங்கு. ஆனா ஈ4 இருந்தும் நோய் வராதவங்க நிறைய; வீட்டுல சும்மா டெஸ்ட் எடுத்துப் பயப்பட வேண்டியதில்லை. நீமன்-பிக் சி நோய்ல செல்லுக்குள்ள கொலஸ்ட்ரால் சிக்கிக்கும். கண்ணை மேலயும் கீழயும் உருட்ட முடியாமப் போறது அதோட அடையாளம்.

நம்ம பக்கம் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமடோசிஸ். அபூர்வம்தான், ஆனா மருந்து இருக்குது. சிஒய்பி27ஏ1 மரபணு ரெண்டு பக்கமும் பழுதானா பித்த அமிலம் சரியா உருவாகாது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமா மாத்தற கல்லீரல் வேலைக்கு அந்த அமிலமேதான் பிரேக்; அது இல்லைன்னா பிரேக் இல்லை. கொலஸ்டனால்ங்கற பொருள் குமிஞ்சு மூளையில, கண் லென்ஸ்ல, தசைநாண்ல படியுது. கொழந்தையில தீராத வயித்துப்போக்கு, சின்ன வயசுலயே கண்புரை, அப்பறம் குதிகாலுக்கு மேல கட்டி, நடை தள்ளாட்டம், படிப்பு மங்கறதுன்னு வரும். புரைக்கு ஒரு டாக்டர், கட்டிக்கு ஒரு டாக்டர்னு பார்த்தா எல்லாமே ஒரே நோய்னு தெரியாமயே போயிரும்.

இதுல லிப்பிட் ப்ரொஃபைல் சாதாரணமாவே வரலாம். கேக்க வேண்டியது சீரம் கொலஸ்டனால், அப்பறம் மரபணு டெஸ்ட்.

சொந்தத்துல கட்டினா இந்த மாதிரி மரபணு நோய் வர வாய்ப்பு கூடும். "நாங்க வேற கூட்டம் (குலம்), சொந்தத்துல கட்டலை"ன்னு சொல்லுவாங்க. மாமன் பொண்ணும் வேற கூட்டந்தானுங்க! கூட்டம் அப்பன் வழியைத்தான் காட்டும், மரபணு ரெண்டு வழியிலயும் வரும். அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் பழுது ஒன்னைச் சுமந்தா, ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு.

பதில் 4: மருந்துச்சீட்டு

குதிகால் சொன்னதுக்கு ஒரு ஒட்டு. மருந்து பேரு கீனோடீஆக்சிகோலிக் அமிலம். பெரியவங்களுக்கு வழக்கமா 250 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளை. கல்லீரல் என்சைமை இடையிடையே பார்க்கோணும். கடையில சுலபமா கிடைக்கறது அர்சோடீஆக்சிகோலிக் அமிலம். பேரு காதுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனா அந்த பிரேக்கை அது போடாது. இல்லைன்னு அதைக் கொடுத்தா வாங்கிட்டு வராதீங்க. வீட்டுல ஒருத்தருக்கு உறுதியானா, கூடப் பொறந்தவங்களுக்கு அறிகுறி இல்லாட்டியும் டெஸ்ட் எடுங்க. நரம்பு கெட்ட பின்னாடி மருந்து கொடுத்தா கெட்டது முழுசாத் திரும்பாதுங்க.