பழைய போர்டோடு ஒப்பேற்றலாமா, ரைசன் 9000க்கு மாறலாமா?

வணக்கம் நண்பர்களே. என் கம்ப்யூட்டரில் இருப்பது 2019-ல் வாங்கிய ஏஎம்டி ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. 2024 ஆகஸ்டில் ரைசன் 9000 வரிசை வந்ததிலிருந்தே அதிலுள்ள 9600எக்ஸ் மேல் ஒரு கண். ஆனால் அது ஏஎம்5 சாக்கெட், என் போர்டில் உட்காராது. போர்டு, டிடிஆர்5 ராம் எல்லாமே புதிதாக வேண்டும். பெட்டியில் சூட்டைத் தணிக்கும் கூலர்கூட வராது. மாப்பிள்ளையைவிட அவர் பரிவாரத்துக்குத்தான் செலவு!

பழைய போர்டிலேயே ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசஸர் போட்டால் எட்டு கோர் கிடைக்கும். அதற்கு முதலில் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும், யுபிஎஸ் பேட்டரியோ ஐந்து நிமிடம் தாங்காது. பாதியில் நின்றால் போர்டு அவ்வளவுதானா? பி450-ல் இப்படி மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், 9600எக்ஸ்தான் சரி என்றால் எந்தக் கூலர் போதும்?