செந்தோவில் துண்டோடு இறங்கியவன் கதை (உங்கள் கதையையும் சொல்லுங்கள்)

வேலை நிமித்தமாக மூன்று மாதம் டோக்கியோவின் தெற்குப் பக்கம், கமாட்டாவில் தங்கியிருந்தேன். கொடுத்திருந்த அறையில் குளியலறை என்பது ரயில் பெட்டிக் கழிவறையைவிட ஒரு சுற்றுப் பெரிசு, அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி ஒரு செந்தோ, அதாவது ஊர்ப் பொதுக்குளியல் கூடம். ஐந்து வாரம் அதன் வாசல் வழியாகவே நடந்தேன், உள்ளே மட்டும் போகவில்லை. காரணம் தெரிந்ததுதான். உள்ளே பொட்டுத் துணி கூடாது.

எங்கள் ஆத்தா, கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால்கூட வெளியிலிருந்து குரல் கொடுக்கும்: "அம்மணமாக் குளிக்காதடா, தண்ணிக்கு ஆகாது." கிணறோ ஆறோ, இடுப்பில் ஒரு துண்டாவது இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் அதை மீறுவது லேசுப்பட்ட காரியமா?

நவம்பரில் ஒரு மழை நாள், எலும்பு வரைக்கும் குளிர். போய்விட்டேன். செருப்பை வைக்க வரிசையாக மரப்பெட்டிகள், சாவிக்குப் பதில் ஒரு பலகைத் துண்டு. கட்டணம் அப்போது 550 யென். டோக்கியோவில் எந்தச் சாதாரணச் செந்தோவுக்குப் போனாலும் ஒரே காசுதான், மாநகர நிர்வாகம் வைக்கும் உச்சவரம்பு அது. அப்புறம் இரண்டு துணித்திரைகள். இங்கேதான் கவனம் வேண்டும். நீலம் ஆண், சிவப்பு பெண் என்பது எல்லா இடத்திலும் சரியாக வராது. எழுத்தைப் பாருங்கள். தலையில் நாலு கட்டம் போட்ட சதுரம் இருந்தால் அது ஆண்கள் பக்கம்.

உடை மாற்றும் அறையில் ஒருத்தர் முகம்கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த சின்னத் துண்டை எப்படியோ இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன். உள்ளே குட்டை முக்காலிகள், குழாய்கள், மஞ்சள் பிளாஸ்டிக் வாளிகள். வாளியின் அடியில் சிவப்பில் 'கெரோரின்' என்று இருக்கும். தலைவலி மருந்து விளம்பரம். 1963இல் வந்த விளம்பர வாளி, ஜப்பானில் நிறையச் செந்தோக்களில் இதேதான். நான் கிணற்றடி நினைப்பில் நின்றபடி மொண்டு ஊற்ற, பக்கத்தில் இருந்தவர் மேலெல்லாம் தெறித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் முக்காலியை அரை அடி நகர்த்திப் போட்டுக்கொண்டார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். உட்கார்ந்து குளித்தேன்.

பிறகு தொட்டியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்த ஒரு பெரியவர், எண்பது இருக்கும், கையை உயர்த்தினார். "தவோரு, தவோரு." என் இடுப்பைக் காட்டினார். அப்புறம் தன் தலையைக் காட்டினார். அவருடைய துண்டு நாலாக மடித்து உச்சந்தலையில் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் வெளியிலேயே தேய்த்துக் குளித்தாயிற்று, நான் சுத்தம். அழுக்கு அந்தத் துண்டுதான். தொட்டி அழுக்குப் போக்குகிற இடம் இல்லை. சோப்பு நுரையோ தலைமுடியோ துணியோ அந்தத் தண்ணீரில் படக்கூடாது. ஆத்தா சொன்ன அதே "தண்ணிக்கு ஆகாது"தான், தலைகீழாக! அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. கமாட்டா வட்டாரத்துச் செந்தோக்கள் சிலவற்றில் நிலத்தடியிலிருந்து வருவது கறுப்புத் தண்ணீர், 'குரோயு' என்பார்கள். என்றைக்கோ மண்ணுக்குள் மக்கிய செடிகொடிகளின் சாறு கலந்தது, பால் விடாத டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். முட்டி வரை இறங்கினால் பாதம் தெரியாது. மானத்துக்குப் பயந்து ஐந்து வாரம் வீணாக்கினேனே!

சூடு 43 டிகிரி. பெரியவர் நான்கு நிமிடத்தில் எழுந்து போனார். நான் வீம்புக்கு உட்கார்ந்திருந்து, எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவரே கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார். கண்ணாடிப் புட்டியில் காபிப் பால் வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "இந்தோ?" என்றார், இந்தியாவா என்று. தலையாட்டினேன். "கரே!" என்று சிரித்தார், நம்ம கறிக்குழம்பைத்தான் சொல்கிறார். எங்கள் உரையாடல் அவ்வளவுதான். அப்புறம் ஊர் திரும்பும்வரை வியாழக்கிழமை தவறாமல் போனேன்.

* * *

மேலே எழுதிய அண்ணாவுக்கு: ஆண்கள் பாடு பரவாயில்லை. நான் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அறுபத்திரண்டு வயசு, மாயவரம். கியோட்டோல ஃபுனாஓக்கா ஆன்சென்னு ஒரு இடம். ஆன்சென்னா இயற்கை வெந்நீர் ஊற்று, ஆனா பேர்ல அது இருந்தாலும் இது செந்தோதான், தண்ணியைக் காய்ச்சித்தான் விடறாங்க. 1923ல கட்டினது. உடை மாத்தற அறையோட கூரையில மரச்சிற்பம், 'தெங்கு'ன்னு ஜப்பான்காரங்க சொல்ற நீள மூக்கு பூதம். சுவரெல்லாம் பூப்போட்ட பழைய ஓடு. "செட்டிநாட்டு வீடு மாதிரி இருக்குடி"ன்னு ரசிச்சு நின்ன அம்மா, நான் சுடிதாரைக் கழட்ட ஆரம்பிச்சதும் "நைட்டி எடுத்துட்டு வரலியா?"ன்னாங்க.

பத்து நிமிஷம் வாக்குவாதம். நான் வெளியில உக்காந்துக்கறேன், நீ போய்ட்டு வான்னு பிடிவாதம். அப்ப ஒரு பாட்டி கதவைத் தள்ளிட்டு வந்தாங்க. அம்மாவை விட வயசானவங்க, முதுகு வளைஞ்சிருக்கு, வயித்துல பெரிய ஆபரேஷன் தழும்பு. நம்ம வீட்டு முற்றத்துல நடக்கற மாதிரி சாவகாசமா நடந்து போனாங்க. அம்மா அதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒண்ணும் சொல்லாம புடவைத் தலைப்புல இருந்த பின்னை எடுத்தாங்க.

தாலியை மட்டும் கழட்டல. யாரும் கேக்கவும் இல்ல. தலைமுடியை மேல தூக்கிக் கொண்டை போடச் சொல்லி ஒரு பொண்ணு சைகை காட்டிச்சு, முடி தண்ணில படக்கூடாதாம். எண்ணெய் வச்ச தலையோட போகாதீங்க, நான் முன்னாடி நாளே அலசிவிட்டுட்டேன். உள்ள அந்தப் பாட்டி அம்மாவோட முதுகைக் காட்டி ஏதோ கேட்டாங்க. எனக்குப் புரியறதுக்குள்ள தேய்ச்சுவிட ஆரம்பிச்சுட்டாங்க. திருப்பி அம்மா அவங்களுக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது.

ஓட்டலுக்கு வந்ததும் அம்மா, "அப்பாகிட்ட சொல்லிடாத"ன்னாங்க. மறுநாள் மத்தியானம், "அந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

* * *

பச்சை குத்தியிருக்கிறவர்களுக்காக இது. என் புஜத்தில் அப்பா பெயர் இருக்கிறது, தமிழில். மலையடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் அறையெல்லாம் போட்ட பிறகு, பொதுக்குளியலுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். யாக்குசா என்னும் ரவுடிக் கும்பல்கள் உடம்பு முழுக்கக் குத்திக்கொள்ளும் வழக்கத்தால் வந்த தடை. இறந்துபோன அப்பாவின் பெயர் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது! 2013இல் ஹொக்கைடோவில் முகத்தில் மரபுப் பச்சை குத்திய ஒரு மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) பெண்ணையே திருப்பி அனுப்பி, அது பெரிய செய்தியானது. நாமெல்லாம் எம்மாத்திரம். ஆனால் டோக்கியோவில் அசக்குசா பக்கம் தெருமுனைச் செந்தோவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. செந்தோக்கள் பெரும்பாலும் இப்படித்தான், இருந்தாலும் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னதாக இருந்தால் தோல்நிறப் பட்டை ஒட்டி மறைக்கலாம் என்கிற இடங்களும் உண்டு.

* * *

நான் ஜப்பானுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு சின்ன விளக்கம்: ஆன்சென் என்று சொல்லிக்கொள்ள 1948ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூமியிலிருந்து வரும்போதே 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தாதுக்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். அதனால்தான் கமாட்டாவின் கறுப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வருகிறது. வேறு செந்தோக்களில் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோதான்.

எங்கள் தெருவிலும் ஒன்று இருந்தது. சுவர் நிறைய ஃபுஜி மலை. 1912இல் டோக்கியோவின் கண்டாவில் ஒரு குளியல் கூடத்தில் முதலில் வரைந்ததாம், குழந்தைகள் குஷியாகத் தண்ணீரில் இறங்கட்டும் என்று. பிறகு நகரமெல்லாம் அதே மலை. 1968இல் டோக்கியோவில் மட்டும் 2,687 செந்தோக்கள் இருந்தன. இப்போது ஐநூறுகூட இல்லை. வீட்டுக்கு வீடு தொட்டி வந்துவிட்டது, எரிபொருள் விலை ஏறுகிறது, பிள்ளைகள் கொதிகலன் பார்த்துக்கொள்ள வருவதில்லை. எங்கள் தெருச் செந்தோவை நடத்திய அம்மாவுக்கும் இதே கதைதான். போன மார்ச்சில் மூடிவிட்டார்.

கடைசி நாள் வரிசை தெருமுனை வரை நின்றது. இத்தனை பேர் தினம் வந்திருந்தால் மூடியே இருக்க வேண்டாம் என்று எனக்கு முன்னால் நின்றவர் முணுமுணுத்தார். நானும் மாதத்துக்கு ஒரு தடவை போனவன்தான், வாயைத் திறக்கவில்லை. குளித்து வெளியே வந்தவர்களுக்கு அந்த அம்மா ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொடுத்தார். எனக்கு ஒரு கெரோரின் வாளி கிடைத்தது, கைபட்டுக் கைபட்டு எழுத்து பாதி தேய்ந்தது.

அது இப்போது என் நாலு வயது மகனிடம் இருக்கிறது. வாளியை நிரப்பி அதில் பொம்மைகளைக் குளிப்பாட்டுவான். ஒவ்வொன்றையும் வெளியிலேயே சோப்புப் போட்டு அலசிய பிறகுதான் உள்ளே விடுவான். கரடிக்கு மட்டும் தலையில் ஒரு கைக்குட்டை.