ஓசூர் தனி மாவட்டம் ஆனால் அதிகாரம் நம் கைக்கு வருமா?

அஞ்செட்டிக்காரன்:
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஓசூரைத் தலைமையிடமாக வைத்துத் தனி மாவட்டம் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறார்கள். நான் ஆதரிக்கிறேன். 1965 அக்டோபர் 2 வரைக்கும் தர்மபுரியே சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் கலெக்டர் ஆபீஸ் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. ஆனால் எங்கள் மலைப்பக்கத்து ஆட்களுக்கு இன்னும் தூரம்தான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்க கிருஷ்ணகிரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு.

பாலக்கோடு ஆசிரியர்:
தம்பி, தூரம் உண்மைதான். ஆனால் மாவட்டத்தைப் பிரித்தால் அதிகாரம் பிரிந்து வரும் என்று நினைப்பதை ஏற்க மாட்டேன். மாநிலத்துக்கு அரசியலமைப்பே நேரடியாக அதிகாரம் கொடுத்திருக்கிறது: ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் (மாநிலம் சட்டம் போடக்கூடிய விஷயங்கள்), சொந்தச் சட்டமன்றம், சொந்த வரி. மாவட்டத்துக்கு இதில் ஒன்றும் கிடையாது. கலெக்டர் மாநில அரசின் ஆணையை நடத்துகிறவர், நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை. நாடு கூட்டாட்சியாக இருந்தாலும், மாநிலத்துக்குள் மாவட்ட நிர்வாகம் ஒற்றையாட்சி மாதிரிதான் நடக்கிறது.

ஊத்தங்கரை விவசாயி:
ஓசூர் போய்விட்டால் தொழிற்சாலை வரி முழுக்க அவர்களுக்கு. மிச்ச கிருஷ்ணகிரிக்கு மாங்காய் மட்டும்தான் மிஞ்சும்.

பாலக்கோடு ஆசிரியர்:
அந்தப் பயம் வேண்டாம் ஐயா. ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. சொத்துவரி உள்ளாட்சிக்குப் போகிறது; ஓசூர் 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. மாவட்டத்துக்கென்று வரிப்பெட்டி எதுவும் இல்லை.

சிப்காட் ஊழியர்:
மாநிலத்தின் அதிகாரம் மட்டும் என்ன உறுதி சார்? அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், எல்லையை மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2019-ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசமானதைப் பார்த்தோமே. அமெரிக்காவில் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் அப்படிப் பிரிக்க முடியாது.

பாலக்கோடு ஆசிரியர்:
எல்லை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மாநிலம் இல்லாவிட்டால் நமக்கு என்ன கதி என்று ஒகேனக்கல்லில் நின்று பாருங்கள். எதிர்க்கரை கர்நாடகா. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அங்கிருந்து எதிர்ப்பு கிளம்பியபோது, தர்மபுரி மாவட்டமாகப் போய்ப் பேசியிருக்க முடியுமா? தமிழ்நாடு என்ற அரசு நின்றதால்தான் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்துப்போன ஊர்களுக்கு 2013-ல் காவிரி வந்தது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்றை ஒழுங்குபடுத்துவது மட்டும் மத்தியப் பட்டியலில்.

அஞ்செட்டிக்காரன்:
அதெல்லாம் சரி அண்ணா, பட்டா கதைக்கு வாங்க. தாசில்தார் முடிவு பிடிக்காவிட்டால் ஓசூர் சார் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் சீராய்வு என்றால் மாவட்ட வருவாய் அலுவலர், அவர் கிருஷ்ணகிரியில். அவர் ஓசூரில் உட்கார்ந்தால் கிழவி ஒருத்தி பஸ் மாறி மாறிப் போக வேண்டாமே. சட்டம் போடும் அதிகாரத்தையா கேட்கிறேன்? கையெழுத்துப் போடுகிறவர் பக்கத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

பாலக்கோடு ஆசிரியர்:
அதற்கு என்ன விலை என்று பார்த்தீர்களா? அரசியலமைப்பின் 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். வேலூர், நெல்லை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய நான்கையும் பிரித்து ஒன்பதாக்கியதால் வார்டு வரையறை முடியவில்லை என்று அந்த ஒன்பது மாவட்டங்களும் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. கலெக்டர் பக்கத்தில் வந்தார், ஊராட்சித் தலைவர் இல்லாமல் போனார்.

சிப்காட் ஊழியர்:
அது பிரித்த நேரத்தின் கோளாறு சார். உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு பிரித்தால் அடுத்த தேர்தலுக்குள் வார்டு வரையறையை முடிக்க நேரம் இருக்குமே?

அஞ்செட்டிக்காரன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். அண்ணா, ஊராட்சிக்கு அதிகாரம் கேட்டு நீங்கள் மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. தனி மாவட்ட மனுவில் நீங்கள் போடுவீர்களா?

பாலக்கோடு ஆசிரியர்:
ஊராட்சி, நகராட்சித் திட்டங்களைச் சேர்த்து மாவட்டத் திட்டம் போடும் மாவட்டத் திட்டக்குழுவுக்குத் தனி நிதி வேண்டும் என்று அதில் ஒரு வரி சேருங்கள், போடுகிறேன். அது இல்லாமல் போட மாட்டேன்.