புதுப்பிப்பு: மார்கழியில் முட்டையிடுவதை நிறுத்திய காடைகள்

வேளச்சேரி ஃப்ளாட் பால்கனியில் வளர்க்கும் ஜப்பானியக் காடைகள் மார்கழியில் முட்டை போடுவதை நிறுத்திவிட்டன, இரண்டு பெட்டைகளுக்குப் பின்னந்தலை வழுக்கையாகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முட்டைக்குக் கைகொடுத்தது விளக்கு யோசனைதான். சென்னையில் டிசம்பர் பகல் சுமார் 11½ மணி நேரம். காடை முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். சின்ன எல்இடி பல்பை டைமரில் மாட்டி, விடியற்காலையில் எரிய வைத்தேன். ராத்திரி எரிந்து பட்டென்று அணைந்தால் மிரண்டு கூரையில் மோதிக்கொள்கின்றன. முதலில் வந்த முட்டைகளில் புள்ளியே இல்லை, ஓடும் மெல்லிசு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்த பிறகு பழையபடி புள்ளி போட்ட கெட்டி முட்டை. தீவனத்தை மாற்றவில்லை, முட்டைக்கோழிக்கான லேயர் தீவனமாக இருந்தால் புரதம் போதாமல் போகலாம், என்னுடையது காடைத் தீவனம்தான்.

வழுக்கைதான் எதிர்பாராத கதை. பேன் என்றே பலரும் சொன்னீர்கள். இரவில் டார்ச் அடித்து இறகைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. காரணம் சேவல்கள்! இணையும்போது பெட்டையின் பின்னந்தலையை அலகால் கவ்விக்கொள்கின்றன. ஒரு சேவலுக்கு மூன்று பெட்டையாவது வேண்டுமாம். என்னிடம் இரண்டு சேவல், நான்கு பெட்டை. ஒருவனைத் தனிக்கூண்டில் விட்டதும் வழுக்கையில் ஊசி ஊசியாகப் புது இறகு முளைக்கிறது.

தனியே இருப்பவன் இப்போது முன்னைவிட அதிகமாகக் கத்துகிறான். மாடி வீட்டு மாமி என்ன சத்தம் என்று கேட்டுவிட்டார். கூண்டைச் சமையலறைப் பக்கம் மாற்றியிருக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை.