வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த குழந்தை வீட்டோடு ஒட்டுவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

தத்தெடுத்த தாய்:
"ரொம்பச் சமர்த்து, அழுவதே இல்லை, யார் கை நீட்டினாலும் போய்விடுகிறது." வந்த முதல் மாதத்தில் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. தயவுசெய்து இதை முன்னேற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுதும் யாரும் வராத இடத்தில் வளர்ந்த குழந்தை அழுவதையே விட்டுவிடும். யாரிடமும் போகிற குழந்தைக்கு இன்னும் "என்னுடையவர்" என்று ஒருவர் அமையவில்லை. ஓடி விழுந்து முட்டி சிராய்த்தால் அது யாரைத் தேடுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் நான்கு பேர் இருந்தும் அவர்களைத் தாண்டி உங்களிடம் வந்தால், ஒட்டத் தொடங்கிவிட்டது.

அந்த இடத்துக்கு வர, முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுகையை ஆற்றுவது இந்த நான்கும் பெற்றோர் கையில் மட்டுமே இருக்கட்டும். தாத்தா பாட்டி விளையாட்டுக் காட்டலாம், கதை சொல்லலாம், சமையலையும் துணி துவைப்பதையும் ஏற்றுக்கொண்டால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. மடியில் வைத்து ஊட்டுவதை மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குழந்தை வருவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் மனம் நோகும்.

இன்னொன்று: பல குழந்தைகள் முதலில் பெற்றோரில் ஒருவரைப் பற்றிக்கொண்டு மற்றவரைத் தள்ளும். தள்ளப்பட்டவர் ஒதுங்கிவிட்டால் அந்த நிலை நீடிக்கும். குழந்தைக்குப் பிடித்த வேலை எதுவோ (தண்ணீர் விளையாட்டோ, வெளியே கூட்டிப்போவதோ) அதை அவர் செய்யட்டும், மற்றவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழந்தைநல மருத்துவர்:
வந்த இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை செய்துவிட வேண்டும். கூடவே வந்த மருத்துவக் காகிதம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு, ஈயத்தின் அளவு, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி., சிபிலிஸ், காசநோய் ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். மலத்தை ஒருமுறை பார்த்தால் போதாது. வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகள் வேண்டும், ஏனென்றால் ஒட்டுண்ணிகள் தினமும் வெளியேறுவதில்லை. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கான சோதனையைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

பலர் விட்டுவிடுவது ஆறு மாதம் கழித்துச் செய்ய வேண்டிய மறுசோதனையை. கிளம்புவதற்குச் சற்று முன் தொற்று ஏற்பட்டிருந்தால் முதல் சோதனையில் தெரியாது. சத்துக்குறைவான உடம்பில் காசநோய்த் தோல் சோதனையும் பொய்யாக "இல்லை" என்று காட்டலாம். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட தழும்பு இருக்கிறது என்பதற்காகவும் அந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். தடுப்பூசிப் பதிவில் சந்தேகம் இருந்தால் எதிர்ப்பணு அளவைப் பார்க்கலாம், அல்லது திரும்பப் போடலாம். திரும்பப் போடுவதால் பொதுவாகக் கெடுதல் வராது.

வளர்ச்சியைப் பற்றி: காப்பகத்தில் கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் சுமார் ஒரு மாத உயர வளர்ச்சி பின்தங்கும் என்பது எங்கள் துறையில் பழகிய கணக்கு. வீட்டுக்கு வந்ததும் எடை முதலில் ஏறும், உயரம் பின்னால் வரும். இந்த வேகமான வளர்ச்சி உடம்பிலுள்ள இரும்புச்சத்தைத் தின்றுவிடும். வந்தபோது சரியாக இருந்த ஃபெரிட்டின் சில மாதத்தில் சரிந்திருக்கலாம், ஆகவே அதையும் மீண்டும் பாருங்கள். பிறந்த தேதி ஊகமாகப் போடப்பட்டிருந்தால் எலும்பு வயதுச் சோதனைக்கு (எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிப்பது) அவசரப்பட வேண்டாம். சத்துக்குறைவு எலும்பு வயதைக் குறைத்துக் காட்டும், ஒரு வருடம் ஊட்டம் கிடைத்த பிறகு பார்ப்பதே சரி. பெண் குழந்தைகள் முன்கூட்டியே பருவமடையத் தொடங்குவதும் உண்டு. எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தெரிந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள்.

தத்தெடுத்த தந்தை:
சாப்பாட்டு விஷயத்தைச் சொல்கிறேன். தலையணைக்கு அடியில், பைக்குள், அலமாரிக்குப் பின்னால் உணவை ஒளித்துவைக்கும் குழந்தைகள் நிறைய. அதைத் திருட்டு என்று பேசினால் ஒளிக்கும் இடம்தான் மாறும். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஏதாவது கொடுங்கள். அதற்கு மேல், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் அதற்கென்றே ஒரு டப்பா வையுங்கள். கெட்டுப்போகாத உணவாக இருக்கட்டும், காலியாவதற்கு முன்னால் அதன் கண்ணெதிரே நிரப்புங்கள். ராத்திரி படுக்கைக்குப் பக்கத்திலும் அது இருக்கலாம். எப்போது கேட்டாலும் இருக்கிறது என்று உடம்புக்கே தெரிய வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம்.

வாந்தி வரும்வரை சாப்பிடுகிற குழந்தையிடம் "போதும்" என்று தட்டைப் பிடுங்காதீர்கள். சிறிய அளவாக வைத்து, கேட்கக் கேட்கப் போடுங்கள். நிறுத்தும்போது அடுத்த வேளை எப்போது என்று சொல்லிவிடுங்கள். மறுபக்கம், புட்டியில் கஞ்சி மட்டும் குடித்து வளர்ந்த குழந்தைக்கு மெல்லவே தெரியாமல் இருக்கலாம். மசித்ததில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கெட்டியாக்குங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமினாலோ புரையேறினாலோ பழகட்டும் என்று விடாமல், விழுங்கும் பயிற்சி தருபவரிடம் காட்டுங்கள்.

தூக்கம்: தனி அறையை அழகாக அலங்கரித்து வைத்திருப்போம். இருபது குழந்தைகளின் மூச்சுச் சத்தத்தில் தூங்கிய பிள்ளைக்கு அந்த அமைதிதான் பயம். உங்கள் அறையிலேயே படுக்கவையுங்கள், சின்ன விளக்கு எரியட்டும். வந்த உடுப்பை உடனே துவைக்க வேண்டாம், அதன் பழைய வாசனை துணைக்கு இருக்கும். அழுது தானே தூங்கட்டும் என்று விடும் முறை இந்தக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

பேச்சுப் பயிற்சியாளர்:
மூன்று வயதுக்கு மேல் வரும் குழந்தை என்றால், வந்த சில வாரத்துக்குள் அதன் பிறந்த மொழி தெரிந்த ஒருவரை வைத்துப் பேச்சைச் சோதித்துவிடுங்கள். தாமதித்தால் சோதிக்க மொழியே இருக்காது. பழைய மொழி சில மாதங்களில் வாயிலிருந்து போய்விடும், புதியது இன்னும் ஊன்றியிருக்காது. 3 முதல் 8 வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போனவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்த ஆய்வு 2003இல் வந்தது. அவர்களால் கொரிய மொழி வாக்கியங்களை இனம் காணவே முடியவில்லை. ஆனால் அடித்தளம் முற்றிலும் அழிவதில்லை. நெதர்லாந்துக்குத் தத்துப்போய் வளர்ந்த கொரியர்கள் அம்மொழியின் ஒலிகளை மற்றவர்களைவிட விரைவாகக் கற்றதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

பெற்றோர் ஏமாறுவது பள்ளியில். ஒன்றிரண்டு வருடத்தில் விளையாட்டுத் திடலில் பிள்ளை சரளமாகப் பேசும். பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கலாம். அந்த இடைவெளியைக் கவனக்குறைவு என்று ஆசிரியர் எழுதிவிடுவார். வீட்டு மொழியில் ஒரு வருடம் ஆகியும் சொல்வதைப் புரிந்துகொள்வது பின்தங்கியே இருந்தால், "இரண்டு மொழிக் குழப்பம்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். முதலில் செவித்திறன் சோதனை செய்யுங்கள், கவனிக்கப்படாத காதுத் தொற்று இவர்களிடம் அதிகம்.

சமூகப் பணியாளர்:
முதல் பதிவில் சொன்ன "யாரிடமும் போவது" சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். ருமேனியக் காப்பகங்களிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த குழந்தைகளை நெடுநாள் தொடர்ந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களிடம் இதுவும் கவனச்சிதறலும் கூடுதலாகத் தங்கின. ஆகவே பாதுகாப்பு விதியாகவே சொல்லிக்கொடுங்கள்: யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாருக்குக் கைகுலுக்கல், யாருக்குக் கையசைப்பு மட்டும்.

பள்ளியில் குடும்ப மரம் வரைவதும் கைக்குழந்தைப் புகைப்படம் கேட்பதும் வரும். வருடத் தொடக்கத்திலேயே ஆசிரியரைப் பார்த்து, மாற்றுப் பயிற்சி கேட்டுவிடுங்கள்.

காகிதங்கள்: தத்து ஆணை, பிறப்புச் சான்று, வந்தபோதிருந்த கடவுச்சீட்டு, நாடுவிட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படி கிடைத்த சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். குடியுரிமை தானாக வந்துவிட்டது என்று நினைத்து விடாமல் எழுத்துச் சான்று வாங்குங்கள். சிறுவயதில் தத்துப்போய், குடியுரிமை இல்லை என்பதை வளர்ந்த பிறகு அறிந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்று அதன் பிறந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகளையும் தவணை தவறாமல் அனுப்புங்கள். அவை நின்றுபோனால் அந்த நாடு அடுத்து வருகிற குடும்பங்களுக்குக் கதவை மூடிவிடக்கூடும்.