நாகலாபுரம் ஓடையின் கருநீலத் தட்டான்: நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

வேளச்சேரியிலிருந்து:

ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம் மலைக்கு நம் சென்னைக்காரர்கள் பெரும்பாலும் குளிக்கத்தான் போகிறார்கள். அடுத்த முறை தண்ணீரில் குதிப்பதற்கு முன் ஓடை நடுவே தலைநீட்டும் பாறைகளைச் சற்றுப் பாருங்கள். கருநீல ஆண் தட்டான்பூச்சி ஒன்று பாறை நுனியில் அமர்ந்திருக்கும். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்தால் விரட்டிவிட்டு, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். 1842இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ராம்பூர் விவரித்த டிரிதெமிஸ் ஃபெஸ்டிவா என்ற இனம் அது.

"நம் தெருப் புல்தரையில் உட்காரும் நீலத் தட்டான்தானே?" என்று உடன் வந்த நண்பர் கேட்டார். இல்லை. அது டிப்ளகோடஸ் டிரிவியாலிஸ். தரையை ஒட்டியே பறக்கும், ஓடை அதற்குத் தேவையில்லை. ஃபெஸ்டிவாவின் பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தில், மை தொட்டு வைத்ததுபோல் அடர்பழுப்புத் திட்டு இருக்கும். டிரிவியாலிஸுக்கு அந்தத் திட்டு கிடையாது. நிறத்தை நம்பி இறங்காதீர்கள்: பெண்ணும் இளம் ஆணும் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும், ஆண் முதிர முதிரத்தான் நீலப்பொடி படர்கிறது. நீங்கள் பார்த்ததைப் படமெடுத்து அனுப்புங்கள்; பக்கவாட்டில் எடுத்த அழகான படத்தைவிட, இறக்கை உடலோடு சேரும் இடம் தெரிய மேலிருந்து எடுத்த சுமாரான படமே எனக்கு மேல்.

அம்பத்தூரிலிருந்து:

சார், கூவத்திலும் தண்ணீர் ஓடத்தானே செய்கிறது? அங்கே ஏன் இது கண்ணில் படுவதில்லை? ஆரஞ்சு நிறத் தட்டான்கள்தான் கூட்டமாக இருக்கின்றன.

வேளச்சேரியிலிருந்து:

நீங்கள் பார்த்தது பிராகிதெமிஸ் கன்டாமினேட்டாவாக இருக்கும். சாக்கடை நீரையும் தாங்கும் இனம். தட்டானின் வாழ்வில் பெரும்பகுதி நீருக்குள் இளம்புழுவாகத்தான் கழிகிறது. அந்தப் புழுவுக்குச் செவுள்கள் மலக்குடலுக்குள் இருக்கின்றன. நீரைப் பின்புறமாக உள்ளே இழுத்து வெளியே தள்ளித்தான் மூச்சுவிடுகிறது. நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்தால் பல இனங்கள் தாக்குப்பிடிக்காது. கல்லில் மோதி ஓடும் மலை ஓடையில் அந்தக் குறை இல்லை. கூவத்தின் நகரப் பகுதியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தாம்பரத்திலிருந்து:

குற்றாலத்தில் நான் பார்த்தது வேறு வகை போலிருக்கிறது. உடம்பு கறுப்பாக, உலோகப் பளபளப்போடு, மஞ்சள் கோடுகளுடன் இருந்தது. அருவிச் சாரலுக்குள்ளேயே மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருந்தது. காத்திருந்து கால் கடுத்ததுதான் மிச்சம், உட்காரவே இல்லை. படமும் எடுக்க முடியவில்லை.

வேளச்சேரியிலிருந்து:

ஜைகோனிக்ஸ் ஐரிஸாக இருக்கலாம். அருவியையும் பாய்ந்தோடும் நீரையும் விட்டு அது அதிகம் விலகாது, உட்காருவதும் அபூர்வம். படம் இல்லாமல் உறுதி சொல்ல மாட்டேன். மற்றவர்களும் படம் அனுப்பும்போது தண்ணீர் ஓடியதா தேங்கியிருந்ததா, அடியில் கல்லா சேறா, மேலே மரநிழல் உண்டா என்று சேர்த்து எழுதுங்கள். எந்த மாதம் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.